பழைய பேட்டிகளைத் திரும்பப் படித்தால் பாப் இசையின் கதை மாறுமா?

கேள்வி இதுதான்: ஜாஸ், ராக், பாப், டிஸ்கோ என்று எல்லாவற்றுக்கும் நல்ல வரலாற்றுப் புத்தகங்களும் ஆவணப்படங்களும் வந்துவிட்டன. அப்படியிருக்க, ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய இசைப் பத்திரிகைகளையும் பேட்டிகளையும் தேடிப் படிப்பதால் புதிதாக என்ன தெரியப்போகிறது? எங்கே தேடுவது, எவ்வளவு தூரம் நம்புவது?

பல வருடங்களாக இந்தப் பழைய இதழ்களோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், நிறையவே தெரியவரும். ஒரு பேட்டியிலிருந்து ஒரே ஒரு வரி மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் தாவிக்கொண்டே போகிறது. அந்த வரி அச்சான பக்கம் பழைய இதழிலேயே தங்கிவிடுகிறது. அதற்கு முன்னால் என்ன பேசினார்கள், எந்த வாரம் பேசினார்கள், கேட்டவர் யார், பக்கத்துப் பத்தியில் என்ன செய்தி வந்தது என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பக்கத்தைப் படித்த பிறகு அந்த வரியே வேறு மாதிரி கேட்கும்.

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இயேசுவைவிட நாங்கள் பிரபலம் என்று பிரிட்டனின் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜான் லெனன் சொன்னார், அமெரிக்காவில் பீட்டில்ஸ் இசைத்தட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள், 1966 ஆகஸ்டில் சிகாகோவில் அவர் நிருபர்கள் முன் உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. இவ்வளவும் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். இனி மூலக் கட்டுரைக்கு வாருங்கள். லண்டனின் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் நாளிதழில் 1966 மார்ச் 4 அன்று வந்தது. எழுதியவர் மொரீன் கிளீவ், பீட்டில்ஸ் பெயர் பரவத் தொடங்கிய 1963 முதலே அவர்களை அறிந்தவர். லெனன் வீட்டுக்குள் போய்ப் பார்த்ததை அப்படியே எழுதுகிறார். ஐந்து தொலைக்காட்சிப் பெட்டிகள். டேப் ரெக்கார்டர்கள். கார்கள். டெலிபோன்கள், அதில் ஒன்றின் நம்பர்கூட வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஓர் இரும்புக் கவச உடை, ஒரு கொரில்லா வேஷம். வாங்கிக் குவித்த சாமான்கள் இவரையே ஆள ஆரம்பித்துவிட்டன என்ற கவலை எழுத்தில் தெரிகிறது. 25 வயதில் எல்லாம் கிடைத்துவிட்டது, அடுத்து என்ன என்று தெரியவில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்குகிறார், மதங்களைப் பற்றி விழுந்து விழுந்து படிக்கிறார். அந்தப் பேச்சின் நடுவே, கிறிஸ்தவம் தேய்ந்து மறைந்துவிடும் என்று சொல்லும்போது, அந்த வரி வந்து போகிறது. கட்டுரையின் தலைப்பில்கூட அதை வைக்கவில்லை.

பிரிட்டனில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து, ஜூலைக் கடைசியில், டேட்புக் என்ற அமெரிக்க இளைஞர் இதழ் அந்தப் பேட்டியை மறுபிரசுரம் செய்தது. ராக் அண்ட் ரோலா கிறிஸ்தவமா, எது முதலில் போகும் என்று தெரியவில்லை என்ற லெனனின் வாசகத்தை அட்டையில் போட்டது. அதற்குப் பிறகுதான் அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒரு வானொலி நிலையம் பீட்டில்ஸ் பாடல்களுக்குத் தடையைத் தொடங்கி வைத்தது, மற்றவை பின்னால் போயின. அதே அட்டையில் இன்னொரு மேற்கோளும் உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்களை நடத்தும் விதத்தைப் பற்றி, பீட்டில்ஸின் இன்னொரு பாடகரான பால் மெக்கார்ட்னி மிகக் காட்டமாகச் சொன்னது, லெனன் மேற்கோளுக்கும் மேலே அச்சாகியிருந்தது. அதற்காகப் பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. அந்த வருடத்து அமெரிக்காவுக்கு எது உறைத்தது, எது உறைக்கவில்லை என்பது ஒரே அட்டையில் இருக்கிறது. அந்த அட்டையை முதல்முறை பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் வேறு எதையும் படிக்கவில்லை. லெனன் கதையை அதுவரை நானும் மதம் பற்றிய சண்டையாக மட்டும்தான் புரிந்துவைத்திருந்தேன்.

அடுத்தது தரவரிசைப் பட்டியல். இது வெறும் எண்தானே, இதில் என்ன கருத்து வேறுபாடு என்று தோன்றும். பிரிட்டனின் முதல் சிங்கிள்ஸ் (ஓரிரு பாடல் மட்டும் கொண்ட தட்டுகள்) பட்டியலை நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் என்ற இசை வார இதழ் 1952 நவம்பர் 14 அன்று வெளியிட்டது. சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு, இந்த வாரம் எது நன்றாகப் போகிறது என்று கேட்டுத் தொகுத்தார்கள். பிறகு மெலடி மேக்கர், டிஸ்க், ரெக்கார்ட் ரீடெய்லர் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல். 1963 தொடக்கத்தில் பீட்டில்ஸின் இரண்டாவது சிங்கிளான 'ப்ளீஸ் ப்ளீஸ் மி' நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸிலும் மெலடி மேக்கரிலும் முதலிடம் பிடித்தது. ரெக்கார்ட் ரீடெய்லரில் இரண்டாமிடத்தோடு நின்றுவிட்டது. பிற்காலத்தில் அந்தக் காலகட்டத்துக்கு ரெக்கார்ட் ரீடெய்லர் பட்டியலைத்தான் அதிகாரபூர்வமானது என்று எடுத்துக்கொண்டார்கள். ஆக, அந்தப் பாடல் இன்றைய கணக்கில் முதலிடம் பெறாத பாடல். 2000இல் வந்த பீட்டில்ஸின் முதலிடப் பாடல் தொகுப்பில் அதற்கு இடமில்லை. ஆனால் 1963இல் வார இதழ் வாங்கிப் படித்த பிள்ளைகளுக்கு அது நம்பர் ஒன் பாட்டு. வரலாறு பின்னால் உட்கார்ந்து முடிவெடுத்த விஷயம் இது, அந்த வாரத்து இதழைப் பார்க்காமல் தெரியவே தெரியாது.

நினைவின் விஷயமும் இப்படித்தான். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவினர் வாசித்தார்கள். வந்தவர்களில் பலர் பின்னாளில் தாங்களே குழு தொடங்கினார்கள், அதனால் அந்த மாலை ஒரு தலபுராணம் மாதிரி ஆகிவிட்டது. நானும் அங்கே இருந்தேன் என்று நூற்றுக்கணக்கானவர்கள் சொல்லியாயிற்று. வந்தவர்கள் சுமார் நாற்பது பேர்தான். அதே மாதம் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸின் வாசகர் கடிதப் பகுதியில் அந்த நிகழ்ச்சி பற்றி ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் 17 வயது மொரிசி, பின்னாளில் தி ஸ்மித்ஸ் குழுவின் பாடகர். வந்திருந்த அந்தச் சிலர் ஆடினார்கள் என்று போகிற போக்கில் எழுதுகிறார். பாடல் வரிகள் காதில் சரியாக விழவில்லை, உடைகள் படுத்துத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கின்றன, நியூயார்க் டால்ஸ் குழுவின் சாயல் தெரிகிறது என்கிறார். உலகமே மாறிவிட்டது என்ற பரவசம் எங்கும் இல்லை. ஒரு பையன் ஒரு நிகழ்ச்சிக்குப் போய்விட்டு வந்து, பிடித்தும் பிடிக்காமலும் எழுதிய கடிதம். நாளை என்ன நடக்கும் என்று தெரியாத நிலையில் எழுதப்பட்டது என்பதால்தான் எனக்கு இது எந்த நினைவுக் குறிப்பைவிடவும் பெரிய சொத்தாகத் தெரிகிறது. ஆகவே பழைய இதழ் கையில் கிடைத்தால் வாசகர் கடிதப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

சரி, அந்தக் காலத்துப் பேட்டி என்றால் அதில் இருப்பதெல்லாம் உண்மையா? கிடையாது. இதற்கு ஜெல்லி ரோல் மார்ட்டனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1938இல் வானொலியில் ஒரு நிகழ்ச்சி, ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டியை ஜாஸைத் தோற்றுவித்தவர் என்று அறிமுகம் செய்தது. நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த பியானோ கலைஞர் மார்ட்டனுக்கு அது பொறுக்கவில்லை. அப்போது அவர் புகழெல்லாம் வடிந்து வாஷிங்டனில் இருந்தார். ஜாஸை 1902இல் உருவாக்கியவன் நான்தான் என்று கோபத்தோடு எழுதிய கடிதம் டவுன் பீட் என்ற ஜாஸ் இதழில் வந்தது. அதே வருடம், மே மாதத்தில், நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அவரை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கத்துக்கு அழைத்துப்போய்ப் பியானோ முன் உட்காரவைத்து, பேச்சையும் வாசிப்பையும் சேர்த்தே தட்டுகளில் பதிவு செய்தார். எட்டு மணி நேரத்துக்கும் மேல். மார்ட்டன் தான் 1885இல் பிறந்ததாகச் சொல்வது வழக்கம். ஞானஸ்நானப் பதிவேடு 1890 என்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் 1902இல் அவருக்கு 12 வயது. ஜாஸைக் கண்டுபிடித்த கதை அங்கேயே ஆட்டம் கண்டுவிடுகிறது.

அதனால் அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், அதுதான் முடியாது. மார்ட்டன் பேசும்போதே இடது கை பியானோவில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது. ஜாஸுக்கு முந்தைய பியானோ இசையான ராக்டைம் காலத்தின் புகழ்பெற்ற ஒரு உருப்படியை முதலில் செயின்ட் லூயிஸ் பக்கத்தில் வாசிக்கிற விதத்தில் வாசித்துக் காட்டுகிறார். பிறகு அதையே தன் ஊர் வழக்கப்படி வாசிக்கிறார். அழுத்தம் இடம் மாறுகிறது, தாளம் ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பிக்கிறது. ஒரு இசை இன்னொரு இசையாக மாறுவதை, அந்த மாற்றத்துக்குள் வளர்ந்த மனிதரே விரலால் காட்டுகிறார். தேதியில் அவர் சொன்னது தவறு, விரல் சொன்னது சரி. லோமாக்ஸ் இந்தப் பேச்சை வைத்து 1950இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆனால் எழுத்தில் வரும் மார்ட்டனும் ஒலியில் வரும் மார்ட்டனும் ஒன்றில்லை. புத்தகத்தில் வாக்கியங்கள் சீராகிவிட்டன, பியானோ காணாமல்போய்விட்டது. முழுப் பதிவும் 2005இல்தான் ஒரே தொகுப்பாக வெளிவந்தது. ஒலிவடிவம் கிடைக்கிற எந்தப் பேட்டியையும் அச்சில் படித்ததோடு விடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுதான் காரணம். தயக்கம், சிரிப்பு, கேள்வி கேட்டவர் குறுக்கே புகுந்தது என எதுவுமே அச்சில் ஏறாது.

மார்ட்டன் மிகைப்படுத்தினார். பத்திரிகை எழுத்தாளர் நிக் கோன் செய்தது வேறு. 1976 ஜூனில் நியூயார்க் இதழில் அவர் புரூக்ளின் டிஸ்கோ இளைஞர்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார், நேரில் பார்த்த செய்தி என்ற பெயரில். அதை வைத்து அடுத்த வருடம் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படம் வந்தது, டிஸ்கோ என்றாலே உலகத்துக்கு அந்த முகம்தான் என்று ஆனது. இருபது வருடம் கழித்து, கட்டுரையின் நாயகனை இட்டுக்கட்டியதாகக் கோனே ஒப்புக்கொண்டார். புரூக்ளினில் அவருக்கு யாரையும் சரியாகத் தெரியாது. லண்டனில் முன்பு தெரிந்த, 'மாட்' (mod) எனப்பட்ட நாகரிக இளைஞர் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனின் சாயலைத்தான் அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்திருந்தார். எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு, ஏனென்றால் உண்மையான சாட்சி ஏற்கெனவே அச்சில் இருந்தது. வின்ஸ் அலெட்டி என்ற இசை எழுத்தாளர் 1973இலேயே ரோலிங் ஸ்டோன் இதழில் டிஸ்கோ பற்றி எழுதிவிட்டார். 1974 முதல் ரெக்கார்ட் வேர்ல்ட் என்ற வணிக இதழில் வாராவாரம் ஒரு பத்தி எழுதினார். அதில் நியூயார்க்கிலும் மற்ற நகரங்களிலும் இருந்த டிஜேக்கள் அந்த வாரம் எந்தப் பாடலைப் போட்டார்கள் என்ற பட்டியல் இருக்கும். படிக்க வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் பட்டியலை வைத்துக்கொண்டு பாடல்களைத் தேடிக் கேட்டுக்கொண்டே வாருங்கள், கறுப்பின, லத்தீன், தன்பாலீர்ப்பு நடனக் கூடங்களில் பிறந்த ஒரு இசை வாரத்துக்கு வாரம் வளர்வது தெரியும். படத்தில் அந்தக் கூட்டம் ஓரத்துக்குப் போய்விட்டது.

பழைய பத்திரிகையின் பெரிய குறை பொய்யைவிட மௌனம்தான். அந்த இதழ்களை நடத்தியவர்கள் யார், யாருக்காக எழுதினார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரோலிங் ஸ்டோன் 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது, டெட்ராய்ட்டில் க்ரீம் 1969இல். இரண்டிலும் எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளை இளைஞர்கள். ராக் இசை எங்கிருந்து வந்தது என்று அவற்றை மட்டும் வைத்துக் கேட்டால் ஒரு பக்கப் பதில்தான் கிடைக்கும். சிஸ்டர் ரொசெட்டா தார்ப் மின்கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவிசேஷப் பாடல் பாடியவர். 1944இல் அவர் பதிவு செய்த ஒரு பாடல் அடுத்த வருடம் பில்போர்ட் என்ற அமெரிக்க இசை வணிக இதழின் கறுப்பின இசைப் பட்டியலில் ஏறியது. அந்தப் பட்டியலுக்கு ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற பெயர் 1949இல்தான் வந்தது. 1951 ஜூலை 3 அன்று வாஷிங்டனின் கிரிஃபித் மைதானத்தில் அவருடைய கல்யாணம். அதையே கச்சேரியோடு சேர்த்து டிக்கெட் போட்டு நடத்தினார்கள், 20,000 பேருக்கு மேல் வந்தார்கள். இந்த அளவு புகழ் பெற்றவர் ராக் வரலாறுகளில் வெகுகாலம் ஒரு அடிக்குறிப்பாகத்தான் இருந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் 2018இல்தான் சேர்ந்தது. அவர் காலத்தில் அவரைப் பின்தொடர்ந்து எழுதியவை சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினச் செய்தித்தாள்கள். இசைப் பத்திரிகை என்ற வட்டத்தை விட்டு வெளியே வந்தால்தான் அவரை முழுசாகப் பார்க்க முடியும்.

பத்திரிகைகள் தங்கள் பழைய தீர்ப்பையே மாற்றிக்கொள்வதும் உண்டு. பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை 1969இல் ரோலிங் ஸ்டோன் கடுமையாக விமர்சித்தது. 2003இல் அதே இதழ் போட்ட தலைசிறந்த ஆல்பங்களின் பட்டியலில் அது 29ஆவது இடத்தில் இருந்தது. இதைக் கேலி செய்யத் தேவையில்லை. 1969 விமர்சனம், அந்த இசை அப்போது எவ்வளவு புதிதாக, எவ்வளவு முரட்டுத்தனமாகக் காதில் விழுந்தது என்பதற்குச் சாட்சி.

எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள். ராக்ஸ் பேக்பேஜஸ் என்ற இணைய நூலகம் முழுக்க முழுக்க இசைப் பத்திரிகை எழுத்துக்கானது. கட்டுரைகள் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன, பேட்டிகளின் ஒலிப்பதிவுகளும் உண்டு. சந்தா கட்ட வேண்டும், ஆனால் பல பல்கலைக்கழக நூலகங்கள் வழியாகப் படிக்கலாம். வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி தளத்தில் பில்போர்ட், மெலடி மேக்கர் முதலான இதழ்கள் முழுதாக ஸ்கேன் செய்து இலவசமாக வைக்கப்பட்டிருக்கின்றன. கூகுள் புக்ஸில் பில்போர்ட் பழைய இதழ்கள் இருக்கின்றன. இன்டர்நெட் ஆர்கைவையும் ஒருமுறை துழாவிவிடுங்கள். கறுப்பினச் செய்தித்தாள்களுக்குப் பெரும்பாலும் நூலகத் தரவுத்தளங்களைத்தான் நாட வேண்டும்.

வெட்டி எடுத்த கட்டுரையும் முழு இதழும் கையில் இருந்தால் நான் எப்போதும் முழு இதழைத்தான் எடுப்பேன். விளம்பரம், நிகழ்ச்சி அறிவிப்பு, டிக்கெட் விலை எல்லாம் அதில்தான் இருக்கும். பேட்டி வந்த அதே இதழில் அந்தக் கலைஞரின் புது ஆல்பத்துக்கு முழுப்பக்க விளம்பரம் இருந்தால், அந்தப் பேட்டி ஏன் அந்த வாரம் நடந்தது என்று புரிந்துவிடும். இன்னொன்று, தேடுபெட்டியில் இன்றைய சொல்லைப் போட்டுத் தேடினால் பல நேரம் ஒன்றும் வராது. ஒரு இசைவகைக்கு இன்றைய பெயர் வருவதற்கு முன்னால் அதைப் பற்றி எழுதியிருப்பார்கள். பாடகர் பெயரையோ அரங்கத்தின் பெயரையோ போட்டுத் தேடுங்கள். ஸ்கேனில் எழுத்து மங்கியிருந்தால் தேடல் அதையும் தவறவிடும், அப்போது பக்கம் பக்கமாகத் தள்ளுவதைத் தவிர வழியில்லை.

இணையத்தில் மட்டுமே வெளிவந்தவற்றுக்கு அவசரம் அதிகம். எம்டிவி நியூஸ் தளத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகச் சேர்ந்த பேட்டிகளும் செய்திகளும் 2024 ஜூனில் ஒரே அடியாக மறைந்துபோயின. இன்டர்நெட் ஆர்கைவ் முன்பே பிரதி எடுத்து வைத்திருந்ததால் பெரும் பகுதி பிழைத்தது. 1952இன் காகிதம் இன்றும் கையில் இருக்கிறது, 2005இன் பக்கத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. உங்களுக்கு முக்கியம் என்று படுகிற பேட்டியை அன்றே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரே கலைஞர், ஒரே விஷயம், வெவ்வேறு வருடப் பேட்டிகள், எழுதப்பட்ட வரிசையிலேயே படியுங்கள். பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி இதற்கு ரொம்பப் பொருத்தம். 1972 ஜனவரி 22 மெலடி மேக்கரில் மைக்கேல் வாட்ஸிடம், தான் தன்பாலீர்ப்பாளர் என்று சொன்னார். அப்போது அவருக்கு மனைவியும் ஒரு வயது நிரம்பாத மகனும் இருந்தார்கள். அவரை உச்சிக்குக் கொண்டுபோன ஆல்பம் வர இன்னும் சில மாதம் இருந்தது. 1976இல் பிளேபாய் பேட்டியில், தான் இருபாலீர்ப்பாளர் என்பது உண்மை, அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டதும் உண்மை என்றார். 1983இல் ரோலிங் ஸ்டோனிடம் அப்படிச் சொன்னதே பெரிய தவறு என்றார். 2002இல் இன்னொரு பேட்டியில், ஐரோப்பாவில் அது தவறாக இருக்கவில்லை, அமெரிக்காவில்தான் கஷ்டமாகிவிட்டது என்றார்.

நான்கையும் படித்த பிறகு 1972க்குத் திரும்பிப் போங்கள். போவி சொன்னதைப் பதிவு செய்த கையோடு வாட்ஸ் இன்னொன்றும் குறித்திருக்கிறார்: அதைச் சொல்லும் விதத்தில் ஒரு குறும்பு இருந்தது, உதட்டோரத்தில் ஒரு ரகசியச் சிரிப்பு ஓடியது. போவி பற்றிய புத்தகங்களில் அவர் சொன்ன அந்த வரி தவறாமல் இருக்கும். சிரிப்பைத் தேட அந்த வாரத்து மெலடி மேக்கருக்குத்தான் போக வேண்டும்.